உள்ளே வைத்த ஒட்டு

ஆவடியிலிருந்து பூந்தமல்லி போகும் ரோட்டில், பருத்திப்பட்டு தாண்டி இடது கைப்பக்கம் முப்பது வருஷம் ஒரு பஞ்சர் கடை இருந்தது. போர்டு கிடையாது. புளியமரத்துக் கிளையில் ஒரு பழைய லாரி டயரைக் கட்டித் தொங்கவிட்டிருக்கும், அதுதான் போர்டு. இப்போது அங்கே எட்டு மாடிக் குடியிருப்பு நிற்கிறது. மரமும் இல்லை. அந்த வழியாகப் பஸ்ஸில் போகும்போது எந்த இடத்தில் கடை இருந்தது என்று எனக்கே சட்டென்று பிடிபடுவதில்லை.

அந்தக் கடைக்காரன் சம்பந்தம். என் தங்கை அம்சவேணியைக் கட்டியவன், எனக்கு மச்சான். மச்சான் ஆவதற்கு முன்னாலேயே சிநேகிதன். அவனுடைய அப்பாவும் என் அத்தை புருஷனும் அண்ணன் தம்பி பிள்ளைகள். அந்த வழியில் ஏற்கெனவே உறவுதான், ஆனால் நாங்கள் பழகியது உறவை வைத்து இல்லை. நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் வார்ப்புப் பட்டறையில் வேலை செய்தேன். ஷிப்ட் முடிந்து சைக்கிளை மிதித்துக்கொண்டு நேராக அவன் கடைக்குத்தான் போவேன். புளியமரத்தடியில் உட்கார்ந்தால் பொழுது போவதே தெரியாது.

ரிம்மோடு ஒரு லாரிச் சக்கரம் என்றால் நல்ல ஆள் ஒருவன் எடைக்கு மேலேயே இருக்கும். அதைப் படுத்த இடத்திலிருந்து ஒற்றை ஆளாக நிமிர்த்தி நிறுத்துவான் சம்பந்தம். முழங்காலை அடியில் கொடுத்து, மூச்சைப் பிடித்து ஒரு எம்பு. சக்கரம் எழுந்து நிற்கும். நெல்லூர், குண்டூர் லாரிக்காரர்கள் வேறு கடை தாண்டி வந்து இவனுக்காகக் காத்திருப்பார்கள். வேலையைவிட அவன் வாய்க்காக என்றும் சொல்லலாம்.

"இன்னா நைனா, டயர்ல ஆணி ஏறிச்சா, இல்ல ஆணியில டயர் மாட்டினியா?" என்பான். டிரைவருக்குத் தமிழ் பாதிதான் புரியும். இருந்தாலும் சிரித்துவிடுவார்.

எண்பத்தெட்டாம் வருஷம், ஒருநாள் கடையில் யாரும் இல்லாத நேரத்தில் என்னைப் பின்பக்கம் கூப்பிட்டான்.

"மச்சான், ஒண்ணு காட்றேன். சிரிக்கக்கூடாது."

வலது தொடை இடுக்கில், எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு புடைப்பு. நின்றால் வருகிறது, படுத்தால் உள்ளே போய்விடுகிறது. விரலால் அமுக்கிக் காட்டினான். உள்ளே ஏதோ களக்கென்று நழுவியது.

"எத்தினி நாளா?"

"பொங்கலுக்கு முன்னாலேர்ந்து. குடலிறக்கம்னு கம்பவுண்டர் சொல்றாரு. சதை கிழிஞ்ச எடத்துல குடல் எட்டிப் பாக்குதாம்."

அந்தக் காலத்தில் ஒரு ஆணுக்கு அந்த இடத்தில் நோவு என்றால் வெளியே சொல்ல மாட்டார்கள். சொன்னால் கல்யாண வீட்டிலும் சாவு வீட்டிலும் அதையே வைத்துக் கேலி பேசுவார்கள். 'இனிமே பிள்ளை பிறக்காது' என்று அத்தைமார்கள் ஒரு பக்கம் ஆரம்பித்துவிடுவார்கள். அதனால் நாங்கள் மூன்று பேர், அவன், அம்சா, நான், கூடிப் பேசி ஒரு பொய் கட்டினோம். சம்பந்தத்துக்கு மஞ்சக்காமாலை, திருவள்ளூர் பக்கம் பச்சிலை மருந்து குடிக்கப் போயிருக்கிறான் என்று உறவு முழுக்கச் சொல்லிவிட்டு, அவனைப் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

முதுகில் ஊசி போட்டு, இடுப்புக்குக் கீழே மரத்துப் போகவைத்து ஆபரேஷன். அறுத்த டாக்டர் ஒல்லியானவர், கண்ணாடி போட்டவர். பத்தாம் நாள் தையல் பிரித்த பிறகு என்னிடம் அவர் சொன்னது இன்றைக்கும் அப்படியே காதில் இருக்கிறது.

"சதையை ரெண்டு பக்கமும் இழுத்துச் சேர்த்துத் தைச்சிருக்கேன். தையல்தான் இப்ப பிடிச்சிக்கிட்டு இருக்கு. சதையோட சதை ஒட்ட மூணு மாசம் ஆகும். அதுவரைக்கும் தண்ணிக் குடம்கூடத் தூக்கக்கூடாது, ஆமா."

சம்பந்தம் தலையை ஆட்டினான். நானும் ஆட்டினேன்.

பதினெட்டாம் நாள் விடிகாலையில் எங்கள் அம்மா போய்விட்டாள்.

அம்மா என்னோடு அம்பத்தூர் ஒரகடத்தில்தான் இருந்தாள். நோவு நொடி எதுவும் இல்லை. பால் வாங்க எழுந்தவள் வாசற்படியில் உட்கார்ந்தாள், அப்படியே சாய்ந்துவிட்டாள். எங்கள் பக்கத்தில் பிள்ளை கொள்ளிச் சட்டியைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடக்க வேண்டும், பாடைக்குத் தோள் கொடுக்க முடியாது. நான் ஒரே பிள்ளை. அம்மாவுக்கு ஒரே மருமகன் சம்பந்தம். மருமகன் தோள் கொடுப்பது எங்களில் ஒரு முறை. வந்திருந்த பெரியவர்கள் எல்லாம் அவனைத்தான் பார்த்தார்கள். அவனுக்கு ஆபரேஷன் ஆன விஷயம் அவர்களுக்கு எங்கே தெரியும்? காமாலை இறங்கி வந்தவன், கண்ணெல்லாம் வெளுத்து நன்றாகத்தானே இருக்கிறான்!

"சும்மா கூட நடந்து வா, போதும்" என்று அம்சா அழுகையிலும் அவன் காதில் சொன்னாள். வீட்டிலிருந்து எடுக்கும்போது நான்கு பக்கமும் பங்காளிகளே பிடித்தார்கள். தெருக்கோடி வரைக்கும் பெண்கள் வந்து திரும்பிவிட்டார்கள். அம்சா பார்த்தது அதுவரைக்கும்தான்.

திருப்பம் தாண்டி இருபது அடி போயிருக்க மாட்டோம். பின்பக்கம் இடது மூலையில் பிடித்திருந்த பங்காளி ஒருவர் காலையிலேயே ஊற்றிக்கொண்டு வந்திருக்கிறார். அவர் கால் பின்னியது. பாடை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சத்தம் கேட்டுத் திரும்பிய நான், அம்மாவின் முகத்துக்கு மேல் இருந்த மாலை சரிவதைத்தான் முதலில் பார்த்தேன். என் கையில் நெருப்புச் சட்டி.

"மச்சான், புடி!" என்று கத்திவிட்டேன்.

அவன் யோசிக்கவே இல்லை. எகிறிப் போய்த் தோளைக் கொடுத்தான். மூங்கில் நிமிர்ந்தது. அப்புறம் யாராவது மாற்றிக்கொள்வார்கள் என்று நினைத்தேன், யாரும் மாற்றவில்லை. "மருமவன் தோள் வந்துடுச்சிப்பா" என்று ஒரு பெரியவர் திருப்தியாகச் சொன்னது காதில் விழுந்தது. ஒன்றரை மைல். நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். 'இறக்கு' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் ஏன் என்று கேட்பார்கள், மஞ்சக்காமாலைப் பொய் அந்த இடத்திலேயே உடையும். சொல்லவில்லை. சுடுகாட்டில் இறக்கியபோது அவன் உதடு வெளுத்திருந்தது. வேட்டிக்கு மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டு ஓரமாகப் போய் உட்கார்ந்தான்.

மூன்றாம் மாசம் அந்தப் புடைப்பு அதே இடத்தில் எட்டிப் பார்த்தது.

"அம்சாகிட்ட சொல்லக்கூடாது மச்சான்" என்றான். "அம்மாவைத் தூக்கித்தான் இப்டி ஆச்சின்னு தெரிஞ்சா, வருசா வருசம் திதிக்கு ரெண்டு பேருக்கும் சேத்து அழுவா. தையல் சரியில்லன்னு சொல்லிக்கிறேன்."

நானும் சரி என்று கையடித்துக் கொடுத்தேன். தோள் கொடுத்ததை உறவில் யாராவது சொன்னால், சும்மா மூங்கிலைத் தொட்டுக்கொண்டு நடந்தான் என்று சமாளிப்பதாக ஏற்பாடு. அன்றிலிருந்து அம்சா அந்த ஒல்லி டாக்டரைத் திட்ட ஆரம்பித்தாள். முப்பத்தாறு வருஷம். இருமினால் திட்டுவாள், மாடிப்படி ஏறினால் திட்டுவாள். "தெச்சான் பாரு தையலு! கோணி தெக்கிறவன்கூட அதைவிட ஒழுங்கா தெப்பான்!" என்பாள். சம்பந்தம் வேறு பக்கம் பார்ப்பான். நான் டம்ளரில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பேன்.

அதற்கென்று விற்கிற பெல்ட் ஒன்று வாங்கிக் கட்டிக்கொண்டான். இடுக்கில் ஒரு திண்டு வந்து அழுத்தும். காலையில் கண் விழித்ததும் படுத்த வாக்கிலேயே குடலை உள்ளே தள்ளி, பெல்ட்டை இறுக்கிய பிறகுதான் எழுந்திருப்பான். அதோடு கடையும் நடத்தினான், பிள்ளை கிரணைப் படிக்கவும் வைத்தான். சக்கரம் நிமிர்த்துவதை மட்டும் வேறு ஆளிடம் விட்டுவிட்டான். இடத்துக்காரர் கடையைக் காலி செய்யச் சொன்ன பிறகு திருநின்றவூரில், ஏரிப் பக்கம், அரை கிரவுண்டில் வீடு கட்டிக்கொண்டு போனார்கள். கிரண் வானகரத்தில் ஃபிளாட்டில் இருக்கிறான். நான் காட்டுப்பாக்கத்தில் என் மகனோடு.

போன ஆனி மாசம் ஒரு காலையில் அம்சா போன் செய்தாள். "அண்ணா, சீக்கிரம் வா. இவுருக்கு அது உள்ள போவ மாட்டேங்குது."

நான் போய்ச் சேர்ந்தபோது சம்பந்தம் கால் இரண்டையும் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டு மல்லாந்து கிடந்தான். நெற்றியெல்லாம் வேர்வை.

"இன்னா மச்சான், பயந்துட்டியா?" என்றான். அந்த நிலைமையிலும் வாய் அடங்கவில்லை. "காத்து எறங்குனா தானா உள்ள போயிடும். பழைய டியூப்பு, அப்படித்தான் அடம் புடிக்கும்."

ஒரு மணி நேரம் கழித்துத்தான் உள்ளே போனது. அதற்குமேல் நான் கேட்கவில்லை. ஆட்டோ வைத்து ஆவடியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்கு இருவரையும் கூட்டிப் போனேன்.

ரேஷ்மா என்று ஒரு பெண் டாக்டர். கிரணைவிடச் சின்ன வயசு இருக்கும். சம்பந்தம் அவரைப் பார்த்ததும் என் கையைப் பிடித்தான். "மச்சான், ஆம்பள டாக்டர் யாரும் இல்லியா?"

"ஐயா, நான் ஒரு நாளைக்கு நாலு பேருக்கு இதே வேலைதான் பாக்குறேன். வேட்டியைத் தளர்த்துங்க" என்றார் அந்தப் பெண். நிற்க வைத்து, இருமச் சொல்லி, கை வைத்துப் பார்த்தார். உட்கார்ந்ததும் நேராகவே சொல்லிவிட்டார். "இன்னிக்கு உள்ள போயிடுச்சு. அடுத்த தடவை மாட்டிக்கிட்டா ரத்த ஓட்டம் நின்னு குடல் கறுத்துப் போயிடும். அப்புறம் சில மணி நேரம்தான் டயம். ஆபரேஷன் பண்ணிடலாம்."

"வேணாம்" என்றாள் அம்சா. "ஒருவாட்டி அறுத்துத் தெச்சீங்க. மூணே மாசத்துல பிச்சுக்கினு வந்துடுச்சி. அறுக்குறதெல்லாம் இவுரு ஒடம்புக்கு நிக்காதும்மா. எழுபத்திரண்டு வயசு. மறுபடி மேசை மேல படுக்கவெக்க மாட்டேன். மாத்திரை குடுங்க, போறோம்."

"இதுக்கு மாத்திரை கிடையாதும்மா."

"பெல்ட்டு கீதே" என்றான் சம்பந்தம். என் பக்கம் மட்டும் திரும்பவில்லை.

டாக்டர் நோட்டைப் புரட்டிக்கொண்டு கேட்டார். "முதல் ஆபரேஷனுக்கு அப்புறம் ஏதாவது வெயிட் தூக்கினீங்களா ஐயா?"

"இல்லம்மா. பீடி குடிப்பேன். இருமல்."

அம்சா எழுந்து பையை எடுத்துக்கொண்டாள். சம்பந்தமும் எழுந்தான். இரண்டு பேரும் கதவு வரைக்கும் போய்விட்டார்கள். அந்தக் கதவைத் தாண்டினால் மறுபடி வர மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். காலையில் அவன் நெற்றியில் பார்த்த வேர்வை கண் முன்னால் நின்றது.

"தூக்கினான்மா" என்றேன். "பதினெட்டாம் நாளு. எங்கம்மா பாடைய."

"மச்சான்!" என்றான் சம்பந்தம்.

நான் நிறுத்தவில்லை. குடித்துவிட்டு வந்த பங்காளி, சாய்ந்த மூங்கில், நான் கத்தியது, ஒன்றரை மைல், எல்லாவற்றையும் சொன்னேன். "நான்தான் கூப்ட்டேன் அம்சா. அவனா போவல" என்றேன்.

அம்சா வெளியே போய் வராந்தா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். சம்பந்தம் என்னை எரித்துவிடுகிற மாதிரிப் பார்த்தான். டாக்டர் பேனாவைக் கையில் எடுத்தார். அப்புறம், "ஐயா, நீங்க உட்காருங்க. என்ன பண்ணப் போறேன்னாவது கேட்டுட்டுப் போங்க" என்று சொல்லி ஒரு தாளில் வரைந்தார்.

"அப்ப வெளிப்பக்கமா வந்து, சதையை இழுத்துத் தைச்சிருக்காங்க. அந்த இடம் பூரா இப்ப தழும்பு. மறுபடி அதே வழியில போனா நரம்பு, விதைக்குப் போற ரத்தக் குழாய் எல்லாம் தழும்புல மாட்டும். அதனால நான் முன்பக்கமே வரமாட்டேன். தொப்புள் கிட்ட மூணு சின்னத் துளை. கேமரா விட்டு உள்பக்கமா போய், ஓட்டைக்குப் பின்னாடி ஒரு வலை வைப்பேன். இழுத்துத் தைக்கிற வேலையே கிடையாது."

சம்பந்தத்தின் கோபம் அந்தத் தாளைப் பார்த்ததும் வேறு எங்கோ போய்விட்டது. முன்னால் குனிந்தான்.

"வலைய ஓட்டைக்கு உள்பக்கமாவா வெக்கிறீங்க?"

"ஆமா."

"அப்ப வயித்துக் காத்தே அதை அமுக்கிப் புடிச்சுக்குமே!"

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார்.

"டயர்ல வெட்டு வுழுந்தா நாங்க கேட்டர் வெப்போம்மா. ரப்பர் கித்தான் துண்டு. வெளிய ஒட்டுனா ரெண்டு மைல்ல பிச்சுக்கினு பூடும். உள்ள வெச்சா, காத்து எவ்ளோ ஏறுதோ அவ்ளோ இறுக்கமா ஒக்காரும். எவ்ளோ பெரிசு வெப்பீங்க?"

"உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிசு."

"வெட்டைத் தாண்டி நாலு பக்கமும் நல்லா பரவணும். சின்னதா வெச்சா ஓரத்துல பிதுங்கும்."

"எங்களுக்கும் அதுதான் முதல் பாடம் ஐயா" என்று சிரித்தார் அந்தப் பெண். அப்புறம் மறைக்காமல் சொன்னார். வலை வைத்தாலும் நூற்றில் சில பேருக்குத் திரும்ப வரலாம். சில பேருக்கு இடுப்பில் வலி மாசக்கணக்கில் நிற்கும். வயசானவர்களுக்கு இரண்டு நாள் மூத்திரம் கட்டலாம். பீடியை இன்றைக்கே விட வேண்டும். கடைசியாக என்னைப் பார்த்தார்.

"அந்தத் தையல் முறையில, ஒண்ணுமே தூக்காம படுத்திருந்தவங்களுக்கும் திரும்பி வந்திருக்கு. அன்னிக்குத் தூக்கினதாலதான் வந்துச்சுன்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாது. தூக்கினது நல்லதில்லை, அது நிச்சயம்."

எனக்கு அது ஆறுதலா, இல்லையா என்று அப்போது தெரியவில்லை. முப்பத்தாறு வருஷத்தில் அப்படி ஒரு கணக்கு இருக்கலாம் என்றே நான் நினைத்ததில்லை.

வெளியே போனேன். அம்சா முந்தானையைச் சுருட்டிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"எங்கம்மா கீழ வுழலையே?" என்றாள்.

"வுழல."

"தரையில படலையே?"

"படல அம்சா. மாலைகூட வுழல."

மூக்கைச் சிந்திக்கொண்டு எழுந்தாள். உள்ளே வந்து அவன் முன்னால் நின்றாள். "யோவ், ஒரு பாவமும் அறியாத டாக்டர, நல்லா இருந்த மனுசன, இத்தினி வருசம் என்னைத் திட்ட வெச்சிட்டியே! அந்தப் பாவம் யாருக்கு?"

"பாதி ஒங்கண்ணனுக்கு" என்றான் சம்பந்தம்.

"எங்க கையெழுத்து போடணும்மா?" என்று டாக்டரைக் கேட்டாள் அம்சா.

பதினைந்து நாள் கழித்து ஆபரேஷன். காலை எட்டு மணிக்கு உள்ளே போனவனைப் பத்தரைக்கு வெளியே கொண்டு வந்தார்கள். வயிற்றில் மூன்று இடத்தில் சின்னச் சின்ன பிளாஸ்திரி, அவ்வளவுதான். மறுநாள் சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்தக் காலத்துப் பத்து நாளையும், வார்டு வாசலில் அம்சா தூக்குச் சட்டியோடு நின்றதையும் நினைத்துக்கொண்டேன்.

ஆனால் மூன்றாவது வாரம் அம்சா மறுபடி போன் செய்தாள். குரலே சரியில்லை. "அண்ணா, வந்துடுச்சி. அதே எடத்துல."

நான் போய், மூன்று பேருமாக டாக்டரிடம் ஓடினோம். ஆட்டோவில் சம்பந்தம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தான். "நான் ஒண்ணும் தூக்கல மச்சான். சத்தியமா. பக்கெட்டுகூட தூக்கல" என்று ஒரு தடவை சொன்னான். சின்னப் பிள்ளை மாதிரி அவன் அதைச் சொன்னதை என்னால் தாங்க முடியவில்லை. நான் வாயைத் திறந்து அவனை அந்த மேசைக்கு அனுப்பினேன், அதுவும் போச்சு என்றுதான் நினைத்தேன்.

டாக்டர் அமுக்கிப் பார்த்தார், இருமச் சொன்னார், ஸ்கேன் கருவியை வைத்து உருட்டினார். "நீர்" என்றார். "குடல் இருந்த பை காலியா கிடக்குல்ல, அதுல நீர் சேர்ந்திருக்கு. பழைய, பெரிய இறக்கத்துக்கு இப்படி ஆகும். வலை வெச்ச இடத்துலயே இருக்கு. ஊசி போட்டு உறிய வேணாம், தானா வத்திடும்."

தானாகவே வற்றியது. ஆவணி பிறக்கும்போது அந்த இடம் மற்றப் பக்கம் மாதிரியே தட்டையாகிவிட்டது. கொஞ்சம் மரத்த மாதிரி இருக்கிறது என்கிறான், அவ்வளவுதான்.

கடைசியாக டாக்டரைப் பார்த்துவிட்டு ஆவடியில் ரயில் ஏறினோம். அம்சா பெண்கள் பெட்டியில் ஏறிக்கொண்டாள். அதுவரைக்கும் அவன் என்னோடு சரியாகப் பேசவில்லை. இந்துக் கல்லூரி ஸ்டேஷன் தாண்டியதும் பேசினான்.

"நீ வாக்குத் தவறிட்ட மச்சான்."

"ஆமா."

"நல்லதாத்தான் போச்சின்னு நான் சொல்லுவேன்னு பாக்காத. சொல்ல மாட்டேன்."

"சொல்லாத."

"இப்ப அவ தெனம் காலைல எங்கிட்ட அம்மா கதை கேக்கறா. அன்னிக்கு மூஞ்சி எப்டி இருந்திச்சி, பூ எப்டி இருந்திச்சி, யார் யார் கூட வந்தாங்கன்னு. முப்பத்தாறு வருசமா கேக்காததெல்லாம் கேக்கறா. அழுவல. கேக்கறா, அவ்ளோதான். எனக்குப் பாதி மறந்து போச்சி. நீ வந்து சொல்லு."

"வர்றேன்."

ரயில் பட்டாபிராமில் நின்றது. ஒரு பெண் எழுந்து அவனுக்கு இடம் கொடுத்தாள். வேண்டாம் என்று தலையாட்டினான். அப்போதுதான் கவனித்தேன். அவன் இரண்டு கையையும் மேலே தூக்கிக் கம்பியைப் பிடித்திருந்தான். இத்தனை வருஷமும் ரயிலில் அவனுக்கு ஒரு கைதான். இன்னொரு கை பையில் சில்லறை தேடுகிற மாதிரி இடுக்கை அழுத்திக்கொண்டே வரும். வண்டி குலுங்கும்போதெல்லாம் முகம் சுருங்கும்.

நெமிலிச்சேரியில் வண்டி குலுங்கி நின்றது. அவன் யாரையோ வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். திருநின்றவூர் வரைக்கும் நின்றுகொண்டேதான் வந்தான்.